ஆயுஷா, ரெய்னாவா? பாம்பன் கரையில் ஒரு பஞ்சாயத்து

2025 சீசனில் ஏழே ஆட்டம் ஆடிய பதினெட்டு வயதுப் பையனை 'சின்ன தல' ரெய்னாவுக்கும் ஹேடனுக்கும் பக்கத்தில் நிறுத்தி அளக்கிறார்கள் சென்னை சூப்பர் கிங்ஸ் (சிஎஸ்கே) ரசிகர்கள். அளவுகோல் சரிதானா?

2025 ஏப்ரல் 6-ம் தேதி பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்து நின்ற பிறகு, தீவுக்குள் ரயில் சத்தமே கேட்கவில்லை. திறப்பு விழா அன்றே ராமேஸ்வரத்திலிருந்து தாம்பரத்துக்குப் புதிய ரயில் ஒன்றும் கிளம்பியது. சேப்பாக்கத்தில் ஒரு மேட்ச்சாவது பார்த்துவிட வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த பையன்களுக்கு வழி திறந்துவிட்டது. ஆனால் அங்கே போய்ப் பார்க்க என்ன இருந்தது? பாலம் திறந்ததற்கு முந்தைய நாள்தான் டெல்லி அணி 15 ஆண்டுகளுக்குப் பிறகு சேப்பாக்கத்தில் சென்னையைத் தோற்கடித்திருந்தது. அதற்கு முந்தைய வாரம் பெங்களூரு, 2008-க்குப் பிறகு முதல் முறையாக. ஏப்ரல் 11-ம் தேதி கொல்கத்தாவிடம் சொந்த ஊரில் 20 ஓவர் ஆடி 103 ரன். தொடர்ந்து ஐந்து தோல்வி. முழங்கையில் அடிபட்டு கேப்டன் ருதுராஜ் விலகிவிட, 43 வயதில் தோனி மறுபடியும் டாஸ் போட வந்தார்.

அந்த வாரத்தில்தான் இங்கே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் பருவம். குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். அதை வைத்து இரண்டு மாதம் ஓட்ட வேண்டும். படகைக் கரையேற்றுவார்கள், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையில் உட்கார்வார்கள். சாயங்காலமானால் வேலை இல்லை.

ஐபிஎல்லும் இந்தத் தடைக்காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால், இந்தக் கரையின் கிரிக்கெட் பைத்தியத்துக்கு ஒரு தனி அமைப்பு உண்டு. மற்ற மாதங்களில் ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. நடுக்கடலில் சிக்னல் எட்டாது. அக்டோபரிலோ நவம்பரிலோ இந்தியா ஆடும் ஆட்டம் என்றால், மீனை இறக்கும் முன்பே கரையில் நிற்பவனிடம் கேட்கிற முதல் கேள்வி ஸ்கோர். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும்தான் படகில் போகிறவன் ஒரு ஆட்டத்தை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை பார்க்கிறான். மற்ற ஊர்களில் ஐபிஎல் பார்ப்பதற்கும் இங்கே பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அப்படிப் பார்த்தவன் எதையும் மறப்பதில்லை. எந்த ஓவரில் யார் யாரை எங்கே அடித்தார் என்று பத்து வருடம் கழித்தும் சொல்வான்.

2025 ஏப்ரல் 20-ம் தேதி மும்பை வான்கடேவில் ஒரு புதுப் பையன் இறங்கினான். பெயர் ஆயுஷ் மாத்ரே. வயது 17 வருடம் 278 நாள். சிஎஸ்கேவுக்கு ஆடியவர்களிலேயே அவ்வளவு சின்ன வயதில் இறங்கியவர் யாரும் இல்லை. ருதுராஜுக்குப் பதிலாக 30 லட்ச ரூபாய்க்கு எடுத்த பையன். சந்தித்த முதல் நான்கு பந்துக்குள் ஒரு பவுண்டரி, இரண்டு சிக்ஸ். 15 பந்தில் 32 அடித்துவிட்டு வெளியேறினான். சென்னை அன்றும் தோற்றது. ஆனால் அந்த ராத்திரியே டீக்கடைகளில் பஞ்சாயத்து கூடிவிட்டது.

"மாமா, இன்னும் எத்தனை வருசத்துக்கு ரெய்னா ரெய்னான்னே சொல்லிக்கிட்டு இருப்பீங்க? நம்ம பையன் வந்துட்டான்."

"டேய் மாப்ள, அந்த எம்பத்தேழ நீ பாத்திருந்தா இப்படிப் பேசமாட்ட."

பாம்பனில் மட்டுமல்ல, தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும், சிஎஸ்கே கொடி பறக்கிற எந்த ஊரிலும் இதே பேச்சுதான். மாமாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இருபது வயது வித்தியாசம். பார்த்த கிரிக்கெட்டும் அவ்வளவு வித்தியாசம்.

எண்பத்தேழு

அந்த எண்பத்தேழைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2014 மே 30, வான்கடே, இரண்டாவது தகுதிச் சுற்று. பஞ்சாபுக்காக சேவாக் 122 அடித்து, அணியின் ஸ்கோரை 226-க்குக் கொண்டுபோயிருந்தார். பதிலுக்கு சுரேஷ் ரெய்னா இறங்கி 25 பந்தில் 87 ரன். 16 பந்தில் அரைசதம். 12 பவுண்டரி, 6 சிக்ஸ். ஆறு ஓவர் முடிந்தபோது சென்னையின் கணக்கில் 100 ரன். ஏழாவது ஓவரில் ஜார்ஜ் பெய்லி பந்தை எடுத்து நேராக ஸ்டம்ப்பில் எறிந்தார். ரன் அவுட். அதோடு ஆட்டமும் போயிற்று, சென்னை 24 ரன்னில் தோற்றது.

இன்று நாற்பதை நெருங்குகிற எந்த சிஎஸ்கே ரசிகரைக் கேட்டாலும், வென்ற ஐந்து கோப்பைகளுக்கு இணையாக இந்தத் தோல்வியைச் சொல்வார். ரெய்னா அவுட் ஆகாமல் இருந்திருந்தால் என்கிற ஏக்கம் இத்தனை வருடமாக அடங்கவில்லை.

ஆயுஷின் பேர் சொல்லும் ஆட்டமும் ஒரு தோல்விதான். 2025 மே 3, பெங்களூரு சின்னசாமி மைதானம். இலக்கு 214. அனுபவம் முற்றிய புவனேஷ்வர் குமார் வீசிய ஒரே ஓவரில் ஐந்து பவுண்டரி, ஒரு சிக்ஸ். 26 ரன். ஆறு பந்தும் எல்லைக்கோட்டைத் தாண்டின. பிறகு ஜடேஜாவோடு சேர்ந்து 114 ரன். 48 பந்தில் 94 எடுத்து, சதத்துக்கு ஆறு ரன் இருக்கும்போது லுங்கி எங்கிடி பந்தைத் தூக்கி அடித்து கேட்ச் ஆனார். அடுத்த பந்திலேயே பிரெவிஸும் அவுட். ஜடேஜா 77 ரன்னோடு கடைசிவரை நின்றும், சென்னை இரண்டே ரன்னில் தோற்றது.

அன்று மாப்பிள்ளைகள் பட்ட வேதனை 2014-ல் மாமாக்கள் பட்ட வேதனைக்குக் குறைந்ததல்ல. ஒரு தலைமுறைக்குத் தன்னுடைய ஆட்டக்காரன் கிடைப்பது இப்படித்தான். அவன் ஜெயித்துக் கொடுத்த நாளைவிட, கிட்டத்தட்ட ஜெயித்துக் கொடுத்த நாளில்தான் மனசு அவனிடம் போய்விடுகிறது.

ஆனாலும் ரெய்னாவோடு ஆயுஷை வைத்துப் பேசுவது சரியில்லை என்பதே என் கட்சி. காரணம் அந்த 87 அல்ல. அது ஒரு நாள் வெள்ளம். ரெய்னா என்றால் 2008-லிருந்து 2014 வரை ஏழு சீசன், ஒன்றில்கூட 400 ரன்னுக்குக் கீழே போகாத மனிதர். அந்த ஏழு வருடமும் அணி ஆடிய எந்த ஆட்டத்தையும் அவர் தவறவிடவில்லை. சிஎஸ்கேவுக்காக ஐபிஎல்லில் 176 ஆட்டம், 4,687 ரன். இந்தக் கரையில் ஒரு நாள் மீன்பாட்டை வைத்து யாரையும் நல்ல படகோட்டி என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். வாடைக் காற்றிலும் கச்சான் காற்றிலும் எத்தனை வருடம் வெறும் வலையோடு திரும்பாமல் வந்தான் என்றுதான் கேட்பார்கள். கிரிக்கெட்டிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

ஹேடனும் விஜய்யும்

பஞ்சாயத்தில் இன்னொரு பெயரும் அடிபடும். மேத்யூ ஹேடன். 2009-ல் 572 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி வாங்கியவர். 2010-ல் டெல்லியில், நீளமான கைப்பிடியும் குட்டையான உடம்புமாக ஒரு மட்டையைக் கொண்டுவந்து 43 பந்தில் 93 ரன் அடித்துத் தள்ளினார். மங்கூஸ் மட்டை என்று பெயர். அதற்குப் பிறகு எத்தனை ஊர்களில் பழைய மட்டையை அறுத்து, கைப்பிடியை நீட்டி, மங்கூஸ் செய்தார்கள் என்று கணக்கில்லை. கடற்கரை மணலில் டென்னிஸ் பந்து எழும்பாது. தரையோடு அடித்தால் பந்து மணலில் புதைந்து நின்றுவிடும். ரன் வேண்டுமென்றால் தூக்கித்தான் அடிக்க வேண்டும். மணலில் ஆடி வளர்ந்தவனுக்கு ஹேடனும் ஆல்பி மார்க்கலும் சொந்தக்காரர்கள் மாதிரி. 2012 ஏப்ரல் 12-ம் தேதி சேப்பாக்கத்தில், இரண்டு ஓவரில் 43 ரன் வேண்டிய நேரத்தில், விராட் கோலியின் பந்துவீச்சில் மார்க்கல் 28 ரன் சாத்திய கதையை விடிய விடியப் பேசலாம்.

ஹேடனின் இடத்துக்கு இன்றைய பெயர் டெவால்ட் பிரெவிஸ். இளம் தென்னாப்பிரிக்கர். அவரும் பாதி சீசனில் வந்தவர்தான். ஈடன் கார்டனில் வைபவ் அரோராவின் ஒரே ஓவரில் 30 ரன் எடுத்தார். 2025 ஆகஸ்ட் 12-ம் தேதி டார்வின் நகரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 56 பந்தில் ஆட்டமிழக்காமல் 125. டி20 சர்வதேச ஆட்டத்தில் ஒரு தென்னாப்பிரிக்கர் எடுத்த அதிகபட்சம் அது. இவரை 'பேபி ஏபி' என்று டிவில்லியர்ஸோடு உலகமே ஒப்பிட்டுவிட்டது. எதிரணிப் பந்துவீச்சாளரைப் பயமுறுத்தும் அடி என்று பார்த்தால் பிரெவிஸ், ஹேடன் பக்கத்தில் நிற்கத் தகுந்தவர்.

ஆயுஷ் அந்த ரகம் இல்லை. அவருடைய ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் வேறொருவர் நினைவுக்கு வருகிறார், பஞ்சாயத்தில் யாரும் சொல்லாத ஒருவர். முரளி விஜய். உடம்பு பலத்தில் அடிக்காமல் நேரத்தைப் பிடித்து அடிக்கிற கை. வலது கைத் தொடக்க ஆட்டக்காரர். கவர் திசையில் கையை நீட்டி, பந்தின் கீழே மட்டையைக் கொண்டுபோய்த் தூக்கும்போது முரட்டுத்தனமே தெரியாது. பந்து மட்டும் கூட்டத்துக்குள் போய் விழும். 2010 ஏப்ரல் 3-ம் தேதி ராஜஸ்தானுக்கு எதிராக விஜய் 56 பந்தில் 127 எடுத்தார், 11 சிக்ஸ். 2011 இறுதிப் போட்டியில் பெங்களூருக்கு எதிராக 52 பந்தில் 95. 2012 இரண்டாவது தகுதிச் சுற்றில் டெல்லிக்கு எதிராக 58 பந்தில் 113. சென்னைப் பையன், தமிழ்நாட்டுக்காக ஆடியவர், அணிக்கு அடுத்தடுத்துக் கோப்பை கிடைத்த வருடங்களில் அச்சாணியாக இருந்தவர். அவரை நாம் இவ்வளவு சீக்கிரம் மறந்தது எனக்கு வருத்தம்.

விஜய்யின் அந்த மூன்று ஆட்டமும் சேப்பாக்கத்தில் நடந்தவை.

சேப்பாக்கம் என்கிற பரீட்சை

இங்கேதான் ஒப்பீடு தடம் மாறுகிறது என்று நினைக்கிறேன். நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் அடிகளில் பல வெளியூரில் அடித்தவை. ரெய்னாவின் 87 வான்கடேயில், ஹேடனின் 93 டெல்லியில், 2018 இறுதிப் போட்டியில் வாட்சன் எடுத்த 117 மறுபடி வான்கடேயில். பந்து மட்டைக்கு நன்றாக வந்து சேரும் ஆடுகளங்கள். ஆனால் சிஎஸ்கே என்கிற அணியைக் கட்டியது சேப்பாக்கம். பந்து நின்று வரும், சுழலும், இரண்டாம் பாதியில் இன்னும் மெதுவாகும். அங்கே எதிரணிகள் திணறின, நம் ஆள்கள் ரன் எடுத்தார்கள். 2011-ல் இறுதிப் போட்டி உட்பட சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட சென்னை இழக்கவில்லை.

ஆயுஷ் 2025-ல் ஆடிய ஏழு ஆட்டத்தில் 240 ரன். நூறு பந்துக்கு 189 ரன் என்கிற வேகம். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. அதில் சேப்பாக்கத்தில் ஆடியவை இரண்டே ஆட்டம். ஹைதராபாத்துக்கு எதிராக 30, பஞ்சாபுக்கு எதிராக 7. மொத்தம் 37 ரன். மீதி ரன் எல்லாம் வான்கடே, சின்னசாமி, டெல்லி, அகமதாபாத். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாதியில் வந்த பையனுக்குக் கிடைத்த ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் சேப்பாக்கத்தில் 37 ரன் எடுத்தவரை சேப்பாக்கத்தின் நாயகர்களுக்குப் பக்கத்தில் நிறுத்த நமக்கு என்ன அவசரம்?

அவசரத்துக்குக் காரணம் தெரிந்ததுதான். 2025-ல் சிஎஸ்கே பத்தாவது இடம். வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி. தோனிக்குப் பிறகு யார் என்கிற பயம் அஞ்சாறு வருடமாக ரசிகர்களை அரித்துக்கொண்டிருக்கிறது. மூழ்கும் வருடத்தில் எவன் நாலு பந்தைத் தூக்கி அடித்தாலும் அவன்தான் அடுத்தவன் என்று மனம் பற்றிக்கொள்ளும்.

விரார் ரயில்

ஆயுஷ் மும்பையை ஒட்டிய விராரில் வளர்ந்தவர். 2007 ஜூலை 16-ல் பிறந்தார், ஐபிஎல் தொடங்கியதற்கு ஒன்பது மாதம் முன்பு. மும்பையின் மைதானங்களுக்குப் போக விராரிலிருந்து சர்ச்கேட் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் மின்சார ரயிலில் நெரிசலில் தொங்க வேண்டும். விடிவதற்கு முன் எழுப்பி, கிட்பேக்கோடு ரயில் ஏற்றிக் கூட்டிப்போனவர் அவருடைய தாத்தா.

இதே விராரில் வளர்ந்து, இதே ரயிலில் போய்க் கற்றுக்கொண்ட இன்னொரு பையன் பிருத்வி ஷா. 2018-ல் தன் முதல் டெஸ்ட்டிலேயே 134 அடித்தபோது அவருக்கு வயது 18. சச்சின், சேவாக், லாரா மூவரும் சேர்ந்தவர் என்று நாடே பேசியது. 2024 நவம்பர் ஏலத்தில் அவரை எந்த அணியும் வாங்கவில்லை. 2025 டிசம்பரில்தான் டெல்லி அணி அடிப்படை விலையான 75 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது 26 வயதுதான், இன்னும் காலம் இருக்கிறது, மீண்டு வரட்டும். ஆனால் பதினெட்டு வயதில் மூன்று மகாமனிதர்களின் பெயரை ஒருவன் தலையில் ஏற்றிவைத்ததில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

பால் வல்தாட்டியையும் மறக்கக் கூடாது. 2011 ஏப்ரலில் மொகாலியில் சென்னைக்கு எதிராகவே ஆட்டமிழக்காமல் 120 அடித்துப் பஞ்சாபை ஜெயிக்கவைத்தவர். அந்த ஒரு வாரம் இந்தியா முழுக்க அவர் பெயர்தான். அப்படி ஓர் ஆட்டம் பிறகு வரவே இல்லை.

பழைய நாயகர்கள் மேல் ரசிகர்கள் வைத்த பாசம் புதியவனுக்கு எதிராகத் திரும்பிய கதையும் உண்டு. அமெரிக்காவின் பேஸ்பாலில் 1927-ல் பேப் ரூத் ஒரே சீசனில் 60 ஹோம் ரன் அடித்தார். நியூயார்க் யாங்கீஸ் அணி. 34 வருடம் கழித்து அதே அணியின் ராஜர் மாரிஸ் 61 அடித்து அதைத் தாண்டினார். கொண்டாடியிருக்க வேண்டிய சொந்த ஊர் ரசிகர்களில் பலரே, ரூத்தின் இடத்தை இவன் பிடிப்பதா என்று முகம் சுளித்தார்கள். அந்த சீசனின் நெருக்கடியில் மாரிஸுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. 2022-ல் அதே அணியின் ஆரன் ஜட்ஜ் 62 அடித்தபோதுதான் ஊர் முழு மனதோடு கைதட்டியது.

நம் ஊரிலும் அந்த ஆபத்து இருக்கிறது. ஒருவனை ரெய்னா என்று ஏற்றிவிட்டவர்களே, அவன் மூன்று ஆட்டத்தில் சொதப்பினால் "இவனையா ரெய்னான்னு சொன்னீங்க" என்று முதலில் ஏசுவார்கள்.

சொதப்பலும் வந்துவிட்டது, ஏற்றமும் வந்துவிட்டது. 2025 நவம்பரில் சையது முஷ்டாக் அலி கோப்பையில் மும்பைக்காக விதர்பாவுக்கு எதிராக 53 பந்தில் ஆட்டமிழக்காமல் 110 எடுத்தார் ஆயுஷ். அடுத்த மாதமே 19 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் கேப்டனாகப் போய், தொடர் முழுவதும் ஓர் அரைசதம்கூட இல்லாமல் திரும்பினார். இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் 191 ரன்னில் தோல்வி. பதினெட்டு வயது என்றால் இப்படித்தான் இருக்கும்.

2026 சீசனில் அவர் முன்னால் இன்னும் பெரிய சிக்கல் நிற்கிறது. ருதுராஜ் குணமாகி வந்துவிட்டார். ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சின்னசாமியில் ஆயுஷோடு நின்ற ஜடேஜா இனி எதிரணி. இந்தக் கரையில் அதைச் செரித்துக்கொள்ளாதவர்கள் ஏராளம். 28 பந்தில் சதம் அடித்த உர்வில் படேலும் இருக்கிறார். 2025 டிசம்பர் ஏலத்தில் கார்த்திக் சர்மாவையும் பிரசாந்த் வீரையும் தலா 14 கோடியே 20 லட்சம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். சிஎஸ்கேவுக்காக ஒரு பந்துகூட ஆடும் முன்பே வீருக்கு 'அடுத்த ஜடேஜா' என்று பட்டம் கட்டியாயிற்று. தொடக்க ஆட்டக்காரர் இடம் இரண்டு, ஆள் நாலு. ஆயுஷுக்கு எல்லா ஆட்டமும் கிடைக்கும் என்று உறுதி இல்லை.

அணி நிர்வாகத்திடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். இவரைச் சேப்பாக்கத்தில் ஆடவையுங்கள். தோற்றாலும் ஆடவையுங்கள். அந்த மெதுவான ஆடுகளத்தில் சுழல்பந்தை எப்படி ஆடுவது என்று அங்கே ஆடித்தான் கற்க முடியும். விஜய்யும் முதல் வருடமே 127 அடித்துவிடவில்லை.

ரசிகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒப்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. 1983 ஜூன் 25-ல் லார்ட்ஸில் ஸ்ரீகாந்த் எடுத்த 38-தான் உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் அதிகபட்சம் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிற பெரியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் அதை ரேடியோவில் கேட்டவர்கள். ஸ்ரீகாந்தின் அந்த மண்டியிட்ட அடியைப் பார்க்காமலேயே பார்த்தவர்கள். அவர்கள் ஸ்ரீகாந்தைச் சொல்ல, மாமா ரெய்னாவைச் சொல்ல, மாப்பிள்ளை ஆயுஷைச் சொல்வதில்தான் ஊரின் கிரிக்கெட் கைமாறுகிறது. அந்தப் பேச்சு நடக்க வேண்டும். தீர்ப்பை மட்டும் தள்ளிப்போடுவோம். முழுதாக இரண்டு சீசன், சேப்பாக்கத்தில் பத்து ஆட்டமாவது அவர் ஆடட்டும்.

2026 பொங்கலன்று, ஜனவரி 15-ம் தேதி, ஜிம்பாப்வேயின் புலவாயோவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராக இந்தியாவை ஆயுஷ் வழிநடத்தினார்.  அவர் அடுத்து ஆடும் ஆட்டங்களிலும் ஒரு கண் வையுங்கள்.